அத்தியாயம் 6: புதைத்த டாங்கைச் சுற்றி மண்ணும் நீரும்

நிலத்தடி டாங்கைச் சுற்றிப் பரிசோதனை வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பெட்ரோல் பங்கை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்கள், முன்பு பங்க் இருந்த மனையை வாங்க நினைப்பவர்கள், பங்கையே நடத்துபவர்கள். மூன்று பேர் கையிலும் ஏற்கெனவே ஓர் ஆய்வக அறிக்கை இருக்கும். ‘ஆயில் அண்ட் கிரீஸ்: கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நீரை ஹெக்சேன் என்ற கரைப்பானோடு குலுக்குவார்கள். பிறகு கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு, அடியில் தங்குவதை எடை போடுவார்கள். சமையல் எண்ணெயும் கிரீஸும் என்ஜின் ஆயிலும் தங்கும். பெட்ரோல் தங்காது. அதன் பெரும்பகுதி கரைப்பானோடு சேர்ந்தே பறந்துவிடும். டீசலிலும் இலேசான பகுதி போய்விடும். பெட்ரோல் கசிவைத் தேடுவதற்கு இந்தச் சோதனை உதவாது. இப்படித் தவறான சோதனையைக் கேட்பது, தவறான இடத்தில் மாதிரி எடுப்பது, எடுத்த மாதிரியை வெயிலில் வைப்பது ஆகிய மூன்றில் எது நடந்தாலும் மாசுள்ள தண்ணீருக்கு ‘மாசு இல்லை’ என்ற சான்றிதழ் கிடைத்துவிடும். ஆகவே ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பு உங்கள் கையால் நடக்கும் வேலைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

பெட்ரோல் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை முதலில் கவலைப்பட வேண்டியவை நான்கு: பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். துறையில் இவற்றைச் சேர்த்து ‘பீடெக்ஸ்’ என்பார்கள். பெட்ரோலின் மற்ற ஹைட்ரோகார்பன்களைவிட இவை நீரில் நன்றாகக் கரையும், நீரோடு நகரும். நான்கில் பென்சீன்தான் மோசமானது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. பி.எஸ்.6 தரப் பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. குறைவாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர் பென்சீன், அதாவது சுமார் 8.8 கிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த 8.8 கிராமும் நீரில் கரைந்தால், 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோய் நிறுத்திவிடும்.

‘வாசனை வந்தால் தெரிந்துவிடுமே’ என்று பலரும் சொல்வார்கள். டொலுயீனுக்கும் சைலீனுக்கும் அது ஓரளவு பொருந்தும். டொலுயீனை மூக்கு லிட்டருக்கு 0.024 மில்லிகிராமிலிருந்தே உணரக்கூடும். பென்சீன் அப்படியல்ல. அதன் சுவை நாக்குக்குத் தட்டுப்படுவதே லிட்டருக்கு 0.5 முதல் 4.5 மில்லிகிராம் இருக்கும்போதுதான். நாக்கு எச்சரிக்கும் நேரத்தில் வரம்பைவிட ஐம்பது மடங்காவது தாண்டியிருக்கும். தண்ணீரில் பெட்ரோல் வாசனை வந்தால் அதை உறுதியான அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசனை இல்லாததை எதற்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

டீசல் டாங்க் என்றால் பீடெக்ஸோடு நாப்தலீனையும் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் கேட்க வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அதற்கு முன்பிருந்தே இயங்கிய பங்க் என்றால் மண்ணில் ஈயத்தையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத்தான் தின்னும். நீரில் உள்ள ஆக்சிஜனை அதற்கே செலவழித்துவிடும். பென்சீன் சிதையாமல் இன்னும் தொலைவு போகும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பங்குகளில் ஓடும் இந்தக் காலத்தில், பழைய புத்தகங்கள் சொல்லும் ‘இத்தனை அடிக்குள் அடங்கிவிடும்’ என்ற கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம்.

தோண்டுவதற்கு முன்

துளை போடுவதற்கு முன் பங்கின் பதிவேடுகளைப் பாருங்கள். டிப் ராடு (டாங்குக்குள் இறக்கி மட்டம் பார்க்கும் அளவுகோல்) காட்டும் அளவு, விற்பனை, லாரி இறக்கிய அளவு இவை மூன்றையும் ஒப்பிட்டால் இருப்பு குறைகிறதா என்று தெரியும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 10,000 லிட்டர் பெட்ரோல் 5 டிகிரி குளிர்ந்தாலே சுமார் 50 லிட்டர் சுருங்கும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் டாங்க் நாளொன்றுக்கு இழப்பது சுமார் 4 லிட்டர்தான். வெப்பநிலை ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துபோகும். ஓர் ஆண்டு ஓடினால் ஏறத்தாழ 1,500 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கும். ஒருநாள் கணக்கைப் பார்க்காமல் மாதக்கணக்கில் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குக் காரணம் வெப்பம் அல்ல.

அதே பதிவேட்டில் டாங்கின் அடியில் தங்கிய தண்ணீரின் அளவும் இருக்கும். டிப் ராடில், நீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவிப் பார்ப்பது பங்குகளில் அன்றாட வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் டாங்கின் அடிப்பகுதிக்கு மேலே ஏறும் இடங்களில், ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரே டாங்கில் தண்ணீர் கூடுகிறது என்று பதிவேடு சொன்னால், முதல் துளையை அந்த டாங்கின் பக்கம் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளே வந்த நீர் எத்தனாலோடு சேர்ந்துவிடுவதால் பழைய வகை பேஸ்ட் சரியாகக் காட்டாமல் போகலாம். எத்தனாலுக்கென்று தயாரித்த பேஸ்டையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அடுத்து வரைபடம். டாங்குகள், லாரி இறக்கும் ஃபில் பாயிண்ட், வென்ட் பைப், டிஸ்பென்சர்கள், இவற்றை இணைக்கும் குழாய்கள், பழைய டாங்க் எடுக்கப்பட்ட பள்ளம் எல்லாம் அதில் வர வேண்டும். டாங்கின் உடலைவிட குழாய் இணைப்புகளிலும் டிஸ்பென்சருக்கு அடியிலும் ஃபில் பாயிண்ட்டைச் சுற்றியும்தான் மாசு அதிகம் கிடைக்கிறது. தெருவில் போகும் பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், கேபிள் பள்ளம் ஆகியவற்றையும் குறியுங்கள். அவற்றைச் சுற்றி நிரப்பிய மணல் பெட்ரோலுக்கு நல்ல வழி. நேர்க்கோட்டில் தொலைவாக இருக்கும் வீட்டுக்கு வடிகால் பள்ளம் வழியாக முதலில் போய்ச் சேரும்.

எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் கிணற்றிலும் தேங்கும். வாசனை வரும் உறைக்கிணற்றுக்குள் தூர் வாரவோ மாதிரி எடுக்கவோ யாரையும் இறக்காதீர்கள். அந்தக் கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போடாதீர்கள். மேலிருந்து வாளி விட்டு எடுப்பதற்கும் முன்பு எரிவாயு அளவுமானியால் பார்த்துவிட வேண்டும். இயங்கும் பங்குக்குள் துளை போடுவதென்றால் பங்க் உரிமையாளர், எண்ணெய் நிறுவனம் இருவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும், வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் விதிகளை அறிந்த ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். முதல் 5 அடியைக் கையால்தான் தோண்ட வேண்டும். குழாயை இயந்திரத்தால் உடைத்துவிட்டால் நீங்களே ஒரு கசிவை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

மண்

நம் ஊரில் மண் பரிசோதனை என்றால் வேளாண்மைத் துறையின் முறைதான் எல்லோருக்கும் நினைவு வரும். வயலில் பல இடங்களில் மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, நிழலில் உலர்த்தி, சலித்து, துணிப்பையில் போட்டு அனுப்புவது. உரப் பரிந்துரைக்கு அது சரியான முறை. இங்கே அதில் ஒவ்வொரு படியும் கெடுதல். கலந்தால் மாசுள்ள ஓர் இடம் சுத்தமான நான்கு இடங்களில் கரைந்துவிடும். உலர்த்தினால் பென்சீன் போய்விடும். சலித்தால் மிச்சமும் போய்விடும். மண் ஆய்வில் பழகிய உதவியாளரை அழைத்துப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் கை தானாகவே கலந்துவிடும்.

எங்கே எடுப்பது? டாங்கைச் சுற்றி ஆற்று மணலோ எம்-சாண்டோ நிரப்பியிருப்பார்கள். கசிந்த பெட்ரோல் அந்த மணலில் நிற்காது. நேராக இறங்கி, பள்ளத்தின் அடியில் உள்ள இயல்பான மண்ணில் போய்த்தான் தங்கும். மணலில் மாதிரி எடுத்து ‘சுத்தம்’ என்று எழுதிய அறிக்கைகள் இதனால்தான் வருகின்றன. டாங்கின் இரு முனைகளுக்கும் அருகே, மணல் முடிந்து சொந்த மண் தொடங்கும் இடத்திலிருந்து 2 அடிக்குள் எடுங்கள். ஃபில் பாயிண்ட்டுக்கு அடியில் ஒன்று, ஒவ்வொரு டிஸ்பென்சருக்கும் அடியில் ஒன்று, குழாய் ஓடும் பாதையில் இணைப்புகள் உள்ள இடங்களில் சில. ஒப்பிடுவதற்கு, பங்கோடு தொடர்பில்லாத மேட்டுப்பகுதியில் ஒன்று. துளை இறங்க இறங்க நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே உள்ள மண்ணைத் தவறவிடாதீர்கள். நீரைவிட இலேசான பெட்ரோலும் டீசலும் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மட்டம் கோடையில் இறங்கி மழையில் ஏறும்போது, அந்த ஏற்ற இறக்க உயரம் முழுவதும் மண்ணில் பூசிக்கொண்டே போகும். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இந்த உயரம் பல அடி வரும். மாசு அதிகமாக ஒளிந்திருப்பது அங்கேதான்.

கரிசல் மண்ணில் டாங்க் பள்ளம் ஒரு தொட்டியாகிவிடும். மழைநீர் வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் பள்ளத்தில் தேங்கிய நீரிலும் ஒரு மாதிரி எடுத்தால் டாங்க் ஒழுகுகிறதா என்று விரைவில் தெரியும். கடற்கரை மணலில் இதற்கு நேர்மாறு. பள்ளத்தில் எதுவும் நிற்காது, எல்லாம் சில அடிகளில் நீரைத் தொட்டுவிடும்.

எந்த ஆழத்து மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, பி.ஐ.டி. என்று அழைக்கும் கையடக்க ஆவிமானி உதவும். ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் மண்ணை ஜிப்பர் பையில் பாதி நிரப்பி, வாயை மூடி, நிழலில் 10 நிமிடம் வைத்து, முனையை உள்ளே செருகிப் பாருங்கள். எந்த ஆழத்தில் எண் அதிகமாகக் காட்டுகிறதோ அந்த ஆழத்திலிருந்து புதிய மண்ணை எடுங்கள். பைக்குள் இருந்த மண்ணை அனுப்பக்கூடாது, அதன் ஆவி ஏற்கெனவே போய்விட்டது. மழைக்கால ஈரக்காற்றில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். டீசலை அது சரியாகப் பிடிக்காது. தேர்வு செய்ய உதவும் கருவி என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணை அறிக்கையில் மாசின் அளவாக எழுதாதீர்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் மண்ணை, முனை வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சால் குத்தி எடுங்கள். சுமார் 5 கிராம் போதும். ஆய்வகம் எடை பார்த்து, மெத்தனால் ஊற்றித் தரும் குப்பிக்குள் அதை நேராகத் தள்ளி உடனே மூடுங்கள். மெத்தனால் பென்சீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் கணக்கிட அதே இடத்து மண்ணைத் தனிக் குப்பியில் எடுங்கள். மண் வெளிக்காற்றில் இருக்கும் நேரம் விநாடிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். குப்பியின் வாயில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் மூடினால் மூடி இறுகாது. பெயர்ச்சீட்டை முன்பே எழுதி ஒட்டி வைத்திருந்தால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

கண்காணிப்புக் கிணறு

வீட்டு போர்வெல்லைக் கண்காணிப்புக் கிணறாகக் கருதுவது நான் அதிகம் பார்க்கும் பிழை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால்பங்கு கடினப்பாறை. மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள் உள்ள கெட்டிப்பாறை. வீட்டு போரில் மேல்பகுதி முழுவதும் கேசிங் பைப் இறக்கி அடைத்திருப்பார்கள். பெட்ரோல் மிதப்பது அந்த மேல்பகுதி நீரில். 200 அடியில் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டார் பல வெடிப்புகளின் நீரைச் சேர்த்து இழுக்கும். மேலே ஒரு சாண் பெட்ரோல் மிதந்துகொண்டிருக்கும்போதே குழாயில் மாசு குறைந்த நீர் வரலாம். இன்னொரு நாள் பக்கத்து போர் நின்றதும் மாசின் அளவு பல மடங்கு ஏறலாம். வீட்டு போரில் மாதிரி எடுக்கத்தான் வேண்டும், அதைத்தானே குடும்பம் குடிக்கிறது. ஆனால் மாசு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அது சொல்லாது.

அதற்குத் தனிக் கிணறு வேண்டும். 2 அங்குல பி.வி.சி. குழாய் போதும். நீர் நுழையும் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். கோடையின் அடிமட்டமும் மழையின் உச்சமட்டமும் அதற்குள் அடங்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிய துளைப்பகுதிக்குள் மிதக்கும் பெட்ரோல் வரவே வராது. துளைப்பகுதியைச் சுற்றிச் சலித்த மணல், அதன் மேல் 2 அடி பென்டோனைட் களிமண், அதன் மேல் சிமென்ட் கலவை, வாயில் பூட்டுள்ள மூடி. மேலிருந்து மழைநீரோ டிஸ்பென்சர் தரையைக் கழுவிய நீரோ இறங்கினால் கிணறே மாசுக்கு வழியாகிவிடும்.

குழாய்களை சால்வென்ட் பசை போட்டு ஒட்டாதீர்கள். பிளம்பர் வழக்கமாகப் பயன்படுத்தும் அந்தப் பசையிலேயே நாம் தேடும் வகைக் கரைப்பான்கள் உண்டு. மரை உள்ள குழாயே வேண்டும். போர் வண்டியால் துளையிட்டால், கம்ப்ரெசர் காற்று ஆவியாகும் சேர்மங்களை அடித்துக்கொண்டு போகும், கம்ப்ரெசரின் எண்ணெய்த் துளிகளும் உள்ளே இறங்கும். மண்ணும் சிதைந்த பாறையும் உள்ள ஆழம் வரை கைபோர் அல்லது ஆகர் கொண்டே போடுங்கள். போர் வண்டி தவிர்க்க முடியாதென்றால், கிணற்றை நன்றாக இறைத்துச் சுத்தம் செய்து, ஓரிரு வாரம் விட்டுவிட்டு மாதிரி எடுங்கள்.

குறைந்தது மூன்று கிணறு, ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. ஒன்று டாங்குக்கு மேட்டுப்பக்கம், இரண்டு இறக்கத்தில். மூன்றின் வாயையும் சர்வேயரைக் கொண்டு ஒரே மட்டத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். வாயின் உயரத்திலிருந்து நீரின் ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் உயரம். உதாரணமாக ‘அ’ கிணற்றில் 12.40 மீட்டர், ‘ஆ’ கிணற்றில் 12.10, ‘இ’ கிணற்றில் 12.34 என்று வந்தால் நீர் ‘அ’ பக்கமிருந்து ‘ஆ’ பக்கமாக நகர்கிறது. அ-ஆ கோட்டில் 12.34 எங்கே வரும் என்று அளவெடுத்துக் குறித்து, அந்தப் புள்ளியை ‘இ’யோடு இணையுங்கள். நீர் ஓடும் திசை அந்தக் கோட்டுக்குச் செங்குத்து. தெருவின் சரிவைப் பார்த்துத் திசையை ஊகிக்காதீர்கள். பக்கத்து அடுக்குமாடியின் போர் நாளெல்லாம் ஓடினால் நீர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அது ஓடும்போது ஒருமுறையும் ஓடாதபோது ஒருமுறையும் அளந்து பாருங்கள்.

வெடிப்புப் பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் மூன்று கிணறு போதாது. அங்கே நீர் பரவலாக நகராமல் சில பிளவுகள் வழியாக ஓடும். யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் வந்த விவகாரம் இதற்குச் சான்று. தீபகற்பத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. குடிநீருக்குக் கிணற்றை விட்டால் வேறு பெரிய ஆதாரம் அங்கே இல்லை. வெவ்வேறு குழுக்கள் செய்த பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்காக 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

நீர் மாதிரி

கிணற்றைத் திறந்ததும் முதல் வேலை, மிதக்கும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது. எண்ணெய்-நீர் இடைமட்டமானி இருந்தால் அதன் தடிமனை மில்லிமீட்டரில் சொல்லும். இல்லையென்றால் ஒளி ஊடுருவும் பெய்லரை (கயிற்றில் இறக்கும் குழாய் வடிவக் குடுவை) மெதுவாக நீர்மட்டம் வரை மட்டும் இறக்கி எடுங்கள், அடுக்கு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் மிதந்தால் அதற்குக் கீழே உள்ள நீரைச் சோதித்து எண் தேட வேண்டியதில்லை. கசிவு உறுதியாகிவிட்டது.

மிதக்கவில்லை என்றால், தேங்கிய நீரை வெளியேற்றிப் புதுநீர் வந்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். சிறிய பம்பை நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். கிணற்றின் நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் குறியுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகள் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் பாறையிலிருந்து வரும் நீர் வந்துவிட்டது. வேகமாக இறைத்தால் நீர் கொப்பளிக்கும், பென்சீன் காற்றோடு போய்விடும்.

வீட்டு போரில் எடுக்கும்போது மேல்நிலைத் தொட்டிக் குழாயில் எடுக்காதீர்கள். தொட்டியில் விழுந்து, திறந்த வெளியில் வெயிலில் நின்ற நீரில் பென்சீன் பெரும்பாலும் ஆவியாகியிருக்கும். மோட்டாரிலிருந்து வரும் குழாயிலேயே, தொட்டிக்கு முன்னால், மோட்டார் 15 நிமிடம் ஓடிய பிறகு, குழாயை மெல்லத் திறந்து எடுங்கள்.

குப்பி 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. மூடிக்குள் டெஃப்லான் பூசிய ரப்பர் வட்டு இருக்கும். குப்பியைச் சாய்த்து, நீரைப் பக்கச்சுவரில் வழியவிட்டு, விளிம்புக்கு மேல் நீர் குவிந்து நிற்கும் வரை நிரப்பி மூடுங்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பியில் எடுங்கள். கால் பாட்டில் காலியாக விட்ட மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோன மாதிரிக்கு எந்த மதிப்பும் இல்லை.

நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்றுவிடாமல் இருக்கக் குப்பியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி இருக்கும். அமிலமிட்டால் 14 நாளுக்குள், இடாவிட்டால் 7 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீரில், குறிப்பாகக் கார்பனேட் மிகுந்த தண்ணீரில் ஒரு சிக்கல் வரும். அமிலம் பட்டதும் நீர் நுரைத்துக் குமிழி விடும், பென்சீனும் அதோடு வெளியேறும். முதல் குப்பியில் நுரை கண்டால் அமிலமில்லாத குப்பிகளுக்கு மாறி, 7 நாள் கெடு என்று சீட்டில் எழுதுங்கள்.

எடுத்தவுடன் ஐஸ் பெட்டி. உறைய விடக்கூடாது, 4 டிகிரி அளவில் இருந்தால் போதும். மே மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு பஸ் பார்சலில் அனுப்பினால் பாதி வழியில் ஐஸ் கரைந்துவிடும். நம்பகமான ஒருவர் பெட்டியோடு போவது நல்லது. பெட்டிக்குள் ஆய்வகம் தந்த தூயநீர்க் குப்பி ஒன்று, திறக்கப்படாமல் போய்த் திரும்ப வேண்டும். அதில் பென்சீன் வந்தால் பயணத்தில் மாசு கலந்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் நிரப்பிய கேனோ ஜெனரேட்டரோ இருக்கும் வண்டியில் மாதிரிகளை ஏற்றினால் இது நடக்கும். பத்து மாதிரிக்கு ஒன்று, பெயர் மாற்றி இரட்டையாக அனுப்புங்கள். இரண்டின் எண்ணும் நெருங்கி வருகிறதா என்று பார்க்கலாம். யார் எடுத்தார், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்ற கைமாற்றுச் சீட்டு ஒவ்வொரு பெட்டியோடும் போக வேண்டும். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போகுமானால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். முடிந்தால் இரு தரப்பும் நிற்கும்போது எடுத்து, ஆளுக்கொரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேட்பது போதாது. அந்த அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு என்ற பட்டியலில் ‘நீரில் பென்சீன்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.சி.எம்.எஸ். கருவியில், ஹெட்ஸ்பேஸ் அல்லது பர்ஜ் அண்ட் ட்ராப் முறையில் செய்ய வேண்டும். கண்டறியும் குறைந்தபட்ச அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் இருக்க வேண்டும். வரம்பு 10 மைக்ரோகிராமாக இருக்கையில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத ஆய்வகம் ‘இல்லை’ என்று சொன்னால் அதற்குப் பொருள் கிடையாது. குப்பிகளை ஆய்வகமே தர வேண்டும். அந்தக் கருவி தரும் குரோமட்டோகிராம் வரைபடத்தையும் அறிக்கையோடு கேட்டு வாங்குங்கள். பெட்ரோலா, டீசலா, மண்ணெண்ணெயா என்று அதன் வடிவம் சொல்லிவிடும்.

அறிக்கையைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். மில்லிகிராமா, மைக்ரோகிராமா? ஆயிரம் மடங்கு வித்தியாசம். அடுத்து தேதிகள்: எடுத்த நாள், சோதித்த நாள். கெடு தாண்டியிருந்தால் வந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு, பென்சீனுக்குத் தனி வரம்பு இல்லை. ‘ஐ.எஸ். 10500 படி குடிக்கத் தகுந்தது’ என்ற முத்திரை பெட்ரோல் கசிவைப் பற்றி அதிகம் சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளோடு ஒப்பிடுங்கள்: லிட்டருக்கு பென்சீன் 0.01, டொலுயீன் 0.7, எத்தில்பென்சீன் 0.3, சைலீன் 0.5 மில்லிகிராம். அமெரிக்காவில் பென்சீனுக்கு 0.005 மில்லிகிராம்தான்.

நான்கு எண்களின் விகிதமும் பேசும். பென்சீனும் டொலுயீனும் எத்தில்பென்சீன், சைலீனைவிட ஓங்கி நின்றால் கசிவு புதியதாகவோ மூலத்துக்கு அருகிலோ இருக்கலாம். முதல் இரண்டும் தேய்ந்து சைலீன் மட்டும் நின்றால் பழைய கசிவு. கரைந்த ஆக்சிஜனும் நைட்ரேட்டும் மேட்டுப்பக்கக் கிணற்றில் சாதாரணமாக இருந்து, டாங்குக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் ஏறத்தாழ இல்லாமல் போயிருந்தால், அங்கே நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்கின்றன. பென்சீன் எண் குறைவாக இருந்தாலும் இந்தத் தடயத்தை ஒதுக்காதீர்கள். தண்ணீர் செம்பழுப்பாக வருவதை மட்டும் வைத்துப் பங்கைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பாறைகளில் இயல்பாகவே இரும்பு உண்டு.

ஒரே ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்து ‘மாசு இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து சனவரியில் ஒருமுறை கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஓர் ஆண்டு பார்ப்பதே முறை. மழையில் மட்டம் ஏறும்போது மண்ணில் பூசியிருந்த எண்ணெய் மீண்டும் நீரில் கரையும். கோடையில் ‘இல்லை’ என்று வந்த கிணற்றில் தை மாதம் பென்சீன் தெரியலாம்.

மாசு இருக்கிறது என்று வந்தால்

குடிப்பதை அன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொதிக்கும்போது பென்சீன் சமையலறைக் காற்றுக்கு வந்து மூச்சில் போகும். அதே காரணத்துக்காக அடைத்த குளியலறையில் அந்த நீரில் வெந்நீர்க் குளியலும் கூடாது. வீட்டு ஆர்.ஓ. கருவியை இதற்கான தீர்வாக நம்ப வேண்டாம். குடிநீர் வாரியத்திடமோ உள்ளாட்சியிடமோ மாற்றுத் தண்ணீர் கேளுங்கள்.

பங்க் நடத்துபவர் என்றால் சந்தேகத்துக்குரிய டாங்கின் எண்ணெயை வெளியேற்றி, அதைப் பயன்பாட்டிலிருந்து நிறுத்திவிட்டு, எண்ணெய் நிறுவனத்துக்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அண்டை வீட்டார் என்றால் வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அறிக்கையின் நகலோடு மனு கொடுங்கள். மாசடைந்த இடங்களுக்கென்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. மாசு இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவை சொல்கின்றன. உங்கள் மனுவில் அந்த விதிகளைக் குறிப்பிட்டு, இடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேளுங்கள்.

2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் டீசல் வந்தபோது, காரணம் அவரவர் வீட்டில் இல்லை. தெருவுக்கு அடியில் போன எண்ணெய்க் குழாயின் கசிவு. ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சோதித்தால் ‘உங்கள் போரில்தான் ஏதோ கோளாறு’ என்று சொல்லி அனுப்பிவிட முடியும். ஒரே நாளில், ஒரே முறையில், தெரு முழுக்க எடுத்த மாதிரிகளின் எண்களை வரைபடத்தில் குறித்துக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. பென்சீன் தெரிந்த கிணற்றிலிருந்து நீர் ஓடும் திசையில் உள்ள வீடுகளுக்கு முதலிலும், பக்கவாட்டு வீடுகளுக்கு அடுத்தும், மேட்டுப்பக்க வீடுகளுக்குக் கடைசியிலும் சோதனையை நீட்டுங்கள். பெரிய போர் வைத்து நாளெல்லாம் இறைக்கும் கட்டடம் எந்தத் திசையில் இருந்தாலும் முதல் வரிசையில் சேருங்கள். ஒவ்வொரு வீட்டாருக்கும் அவர்கள் கிணற்றின் அறிக்கையை ஆய்வகம் தந்தபடியே, சுருக்காமல், நேரில் கொடுத்து, எந்தக் குழாயைப் பயன்படுத்தலாம், எதைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.